இத்தாலியர்களை வரிசைப்படுத்திய இராசமலர் அக்கா

"தம்பி, கொக்கா காலமை போயிட்டா."

இராசமலர் அக்காவின் கணவர் நடராசா அண்ணை தொலைபேசியில் இப்படி அக்காவின் சாவைச் சொன்னபோது, நான் பாசல் நகரின் கலைக் கண்காட்சி மண்டபத்தில் ஏணியின்மேல் நின்றிருந்தேன். இறங்கி வந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை அடங்கியதும் ஆத்திரம் வந்தது. அஞ்சலிக் கட்டுரையில் ஆத்திரம் கூடாது என்பார்கள். அக்காவை அறிந்தவர்கள் மன்னிப்பார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா மட்டக்களப்பில் பிறந்து, அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் குடியிருந்தவர். முதலில் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே பழகிய இத்தாலிய மொழி அவருக்கு ஏசுவதற்குத்தான் நன்றாக உதவியது. பிறகு, ஓவியங்களை ஏற்றி இறக்கிச் சுவரில் மாட்டிக் கொடுக்கும் எங்கள் கம்பனியில் சேர்ந்தார். நான் சேர்ந்த முதல் நாளே கையுறை போடாமல் ஓர் ஓவியச் சட்டத்தைத் தொட்டுவிட்டேன். "உன்ர கையில என்ன, சந்தனமோ பூசியிருக்கு?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மத்தியானம் தன் புட்டில் பாதியை என் தட்டில் தள்ளியவரும் அவர்தான்.

சில வருடங்களுக்கு முன் இதே பாசல் கண்காட்சிக்கு, இத்தாலியின் மிலானோவிலிருந்து ஒரு கலைக்கூடக்காரர் வந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். மூன்று தலைமுறை இத்தாலிய ஓவியர்களின் படங்களை அவர் கொண்டுவந்திருந்தார். போர்க்காலத்தைக் கண்ட கிழவர் ஒருவர், சாக்கையும் இரும்பையும் ஒட்டிப் படம் செய்த நடுத்தலைமுறை, கண்கூசும் நிறங்களில் தீட்டும் இக்காலத்துப் பிள்ளைகள். எதை எங்கே மாட்டுவது என்ற வரைபடத்தைக் கையில் தந்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். அதில் இளையவர்கள் நடுச்சுவரில் இருந்தார்கள். கிழவரின் சிறிய சாம்பல்நிற ஓவியம் வாசல் மூலையில்.

அக்கா அதைப் பார்த்ததும் கொதித்தார். "இஞ்ச பாரடா, கிழவனைக் கொண்டுபோய்ச் செருப்புக் கழட்டுற இடத்தில நிப்பாட்டியிருக்கிறான். பேரப்பெடியள் நடுவில. இதென்ன குடும்பமோ?"

எங்கள் சனத்துக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. அந்த ஓவியர்களுக்குள் எந்த உறவும் இல்லை. அக்காவோ அவர்களைக் கலியாண வீட்டுப் படத்துக்கு நிறுத்துவதுபோல் மாட்டவைத்தார். மூத்தவர் நடுவில், கதிரையில் இருப்பவர்போல் கொஞ்சம் தாழ்வாக. இரண்டு பக்கமும் அடுத்த தலைமுறை. இளசுகள் பின்னால் உயரத்திலும் ஓரங்களிலும். பெரிய சிவப்பு ஓவியம் ஒன்றை, "இது சண்டைக்கார மருமகன், கிழவனுக்குப் பக்கத்தில வேண்டாம்" என்று தள்ளி வைத்தார். நாங்கள் சிரித்துச் சிரித்து மாட்டினோம்.

கலைக்கூடக்காரர் திரும்பி வந்து கோபத்தில் குதித்தார். மாற்ற நேரமில்லை, பார்வையாளர் உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் அந்தச் சுவரின் முன்னால் நின்றார்கள், நகரவே இல்லை. பத்திரிகைகள் புகழ்ந்தன. "ஞாயிற்றுக்கிழமைகளில் என் அம்மாவின் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொண்டு இப்படி அமைத்தேன்" என்று அந்த மனிதர் வாய் கூசாமல் பேட்டி கொடுத்தார். அந்தக் கிழமை முடியுமுன்பே, வரைபடத்தை மீறினார் என்று அக்காமேல் எங்கள் கம்பனியில் முறைப்பாடும் கொடுத்தார். புகழ் அவருக்குப் போனது. அக்காவுக்கு வேலை போனது.

அதன்பின் அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனார். "விடுங்கோ அக்கா" என்று ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏன் விடவேணும்? வேலை போனால் போகட்டும். அந்தச் சுவரை அடுக்கினது இராசமலர் எண்டு அவன்ர வாயால சொல்லட்டும். அது நடக்காமல் நான் விடமாட்டன்."

அது நடக்கவில்லை. அக்காவின் தகனம் முடிந்து நான் மண்டபத்து வேலைக்குத் திரும்பியபோது, அதே மனிதர் அதே ஓவியர்களின் புதிய படங்களோடு நின்றார். இம்முறை வரைபடமே இல்லை.

"அந்த முறைபோல ஒரு குடும்பமாக மாட்டுங்கள்" என்றார்.

கடவுளே, கும்பிடாமலே வரம் கொடுத்தாய்!

"அது உங்கள் அம்மாவின் மேசையல்லவா? யார் எங்கே இருப்பார் என்று சொல்லுங்கள், மாட்டுகிறோம்" என்றேன்.

அங்கே என்றார், மாட்டினோம். இல்லை, இங்கே என்றார், கழற்றினோம். அவருக்கு வேர்த்தது. எது எங்கே போகவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பெண் எங்கே? அவரைக் கூப்பிடுங்களேன்."

"இறந்துவிட்டார்."

"அவர் பெயர்..."

"சுவரில் எழுதுவதானால் சொல்கிறேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் மாட்டச் சொன்னார். திறப்பு நாளில் சனம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனது. வெறும் இடத்தின் நடுவில் அவர் தனியாக நிற்பதை ஒவ்வொரு இடைவேளையிலும் போய்ப் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது.

அக்கா, உங்கள் பெயரை அவருக்குச் சொல்லவில்லை. நம்முடைய சனத்துக்குச் சொல்கிறேன். அந்த வருடம் பாசலில் இத்தாலியர்களை அடுக்கியவர் திருமதி இராசமலர் நடராசா. நீங்கள் ஆறுதலாகப் போங்கோ. அந்த ஆளை நான் விடமாட்டேன்.