காலை எடுத்தால் நிற்கும் நடுக்கம்

எங்கள் வீடு இராசிபுரத்தில். ஜலகண்டாபுரம் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து சேலம் கடைகளுக்குப் போடுவது என் தொழில். காரை ஓட்டுவது நான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது மட்டும் என் கணவர். சேலைக் கட்டுகளை ஏற்றினால் வேகத்தடைகளில் வண்டியின் அடி உரசும். அதற்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏதோ வெளிக் கம்பெனி ஸ்பிரிங்குகளை வரவழைத்து, பட்டறை வைத்திருக்கும் தன் பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் கொடுத்து மாட்டிவிட்டார். வண்டி நான்கு விரல் உயர்ந்து நின்றது. இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே நடுக்கம் தொடங்கியது. ஊருக்குள் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் தரையிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பி இருக்கை வழியாக முதுகுக்கு ஏறும். சேலம் போய்ச் சேர்வதற்குள் தலை வலிக்கும்.

பட்டறைக்குப் போனோம். சாவி என் கையில் இருந்தது. சிநேகிதர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "டயராத்தான் இருக்கும் மாப்ள." வீல் பேலன்சிங் செய்தார். நடுக்கம் போகவில்லை. அடுத்து அலைன்மென்ட் பார்த்தார். அப்போதும் போகவில்லை. மறுபடி போனபோது, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "தங்கச்சி கிளட்ச்சு மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுதோ என்னமோ. பொம்பளைங்க வண்டியெல்லாம் அப்படித்தான் வருது" என்றார்.

என் கணவர் சிரித்தார். சிநேகிதர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், மல்லூரைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி தடம் மாறிக் குறுக்கே வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். நடுக்கம் சட்டென்று நின்றது. வேகம் இன்னும் குறையவே இல்லை. மறுபடி மிதித்தேன், நடுங்கியது. எடுத்தேன், நின்றது. டயரில் கோளாறு என்றால், நான் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சக்கரம் சுழலும்வரை நடுங்க வேண்டும். அப்படியானால் கோளாறு சக்கரத்தில் இல்லை. எஞ்சினின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலில்தான். ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்தியதால் அது சாய்வாக நிற்கிறது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ஏனுங்க, மிதிச்சாத்தான் ஆடுது. காலை எடுத்தா நின்னுருது. அந்த ஸ்பிரிங்குனாலதானுங்க."

"அவன் இருவது வருசமா பட்டறை வெச்சிருக்கறான். உனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாதா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் நானே தனியாகப் பட்டறைக்குப் போனேன். "அண்ணா, வண்டியில ஏறுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்து மறுபேச்சில்லாமல் ஏறினார். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் மிதித்தேன். கதவெல்லாம் அதிர்ந்தது. காலை எடுத்தேன். அமைதி. அவர் வாயைத் திறக்கும்வரை இப்படியே செய்துகொண்டிருந்தேன்.

"ஆக்ஸில்தான் போல" என்று முனகினார். பிறகு போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். "மாப்ள, கண்டுபுடிச்சுட்டேன்டா. ஓட்டிப் பாத்தாத்தானே தெரியுது? ஆக்ஸில் கோணம் மாறியிருக்குது."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"எறங்குங்க."

"என்ன தங்கச்சி?"

"எறங்குங்கண்ணா. பஸ் வரும்."

இறங்கினார். நான் நேராக சேலம் போய் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது, "சார் வரலீங்களா?" என்பது. "வண்டி என்னுது. எங்கிட்டச் சொல்லுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று யார் கேட்டிருந்தாலும் கத்தியிருப்பேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆக்ஸில் மூட்டு ஒன்று அதற்குள் தேய்ந்தே போயிருந்தது. அதை மாற்றி, கார் கம்பெனியின் பழைய அளவு ஸ்பிரிங்குகளையே வாங்கி மாட்டினார்கள். திரும்பி வரும்போது என்ன வேகத்தில் மிதித்தாலும் வண்டி நடுங்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

வீட்டில் கணவர் காத்திருந்தார். "சிநேகிதனை நடுரோட்டுல எறக்கிவுட்டுட்டு வந்திருக்கறியே, அவன் என்ன நெனப்பான்?"

"நான் என்ன நெனச்சேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு" என்றார்.

"கேக்க மாட்டேனுங்க" என்றேன்.

இன்றுவரை கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. அவருடைய ஸ்கூட்டர் இப்போதும் அந்தப் பட்டறைக்குத்தான் போகிறது. என் காரை எங்கே விடுவது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை.