எழுபத்தெட்டாம் கேள்வியில் ஒன்று என்றால் என்ன?

ஸ்டீல் ஸ்கேலைக் கம்ப்யூட்டர் திரையின் மேல் வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வாய்விட்டுப் படிக்கிறார். "பாலினம். ஒண்ணு பெண், ரெண்டு ஆண். குடிதண்ணி. ஒண்ணு குழாய், ரெண்டு கிணறு, மூணு லாரி." மூன்று வரிக்கு ஒருமுறை கை நின்றுவிடும். "இருங்க, இது பார்த்தாச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்பார். ஸ்கேல் இரண்டு வரி மேலே ஏறி மறுபடி இறங்கும்.

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவரை 'லேபிள் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் வாங்கி வந்த பதில்கள் கம்ப்யூட்டர் கோப்புக்குள் வெறும் எண்களாக உட்கார்ந்திருக்கும். மேலே ம12, ம13 என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்பது. எந்தத் தலைப்பு எந்தக் கேள்வி, எந்த எண் எந்தப் பதில் என்கிற விளக்கம், அதாவது லேபிள், அதே கோப்பின் உள்ளே தனியாகக் கிடக்கும். அதை வெளியே எடுத்து, அட்டவணையாக்கி, அறிக்கை எழுதுகிறவர்கள் கையில் கொடுப்பது இவர் வேலை. யாராவது அவசரமாக வந்து விழுக்காடு பேசினால், "முதல்ல ஒண்ணுன்னா என்னன்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்பார்.

இவ்வளவு கறாரான மனுஷிக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் எல்லாமே குழப்பம். லிஃப்டில் ஏறிக் கதவு மூடிய பிறகு, மேலே போகிறதா கீழே போகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். டீயா காபியா என்று வீட்டில் கேட்டால் யோசித்துக்கொண்டே நிற்பார். மகள் பொறுமை இழந்து, "அம்மா, ஒண்ணா ரெண்டா?" என்பாள். உடனே பதில் வந்துவிடும்.

சென்ற மாதம் ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோப்பு ஒன்று அவரிடம் வந்தது. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும்போது எழுபத்தெட்டாம் கேள்வியின் பதில் விளக்கம் மட்டும் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. 'மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறாரா?' என்ற கேள்வி இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்களும் இருந்தன. எது ஆம், எது இல்லை என்பதுதான் காணோம். நூற்றுக்கு எழுபத்தோரு பேருக்கு ஒன்று என்று பதிவாகியிருந்தது. ஒன்று 'ஆம்' என்றால் அந்தப் பகுதி மக்களுக்குக் குறையில்லை, அங்கே திறப்பதாக இருந்த ஆலோசனை மையம் வேறு பகுதிக்குப் போய்விடும். ஒன்று 'இல்லை' என்றால், எழுபத்தோரு பேர் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருக்கிறார்கள்.

பிரிவுத் தலைவர் அலட்டிக்கொள்ளவில்லை. மற்ற கேள்விகளில் எல்லாம் ஒன்று ஆம்தானே, இதற்கும் அப்படியே போட்டுவிடுங்கள், வியாழக்கிழமை அறிக்கை போயாக வேண்டும் என்றார். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 'ஆம்' என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டி மறுபடி அழித்தார். காகிதப் படிவங்களைப் பார்க்கலாம் என்றால், அவற்றை எப்போதோ அரைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் கோப்பின் முதல் வரிகள் ஞாபகம் வந்தன. கணக்கெடுப்பு தொடங்கும் முன், ஒத்திகைக்காக அலுவலகத்தார் பதினோரு பேரும் ஆளுக்கொரு படிவம் நிரப்பியிருந்தார்கள். நான்காவது வரி அவருடையது. தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தால் போதும், விஷயம் முடிந்தது. எழுபத்தெட்டுக்கு நேரே போய்ப் பார்த்தார். இரண்டு.

என்ன சொன்னோம்? அது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம். தங்கையோடு பேச்சு வார்த்தை நின்றிருந்தது. கணவர் வேலை நிமித்தம் வெளியூரில். ஆளில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு 'இல்லை', தலைவர் சொன்னது சரி. ஆனால் கூட வேலை பார்க்கிறவர்கள் கண்ணில் படும் படிவத்தில் அப்படி எழுதிக் கொடுக்கிற ஆளா நான்? தெரியவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது கணவரைக் கேட்டார்.

"அப்பா படுத்திருந்தப்ப நான் யார்கிட்டங்க மனசுவிட்டுப் பேசிட்டிருந்தேன்?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "என்கிட்ட இல்லையா?" என்றார். பிறகு, "நான்தான் ஊர்லயே இல்லையே. உனக்குத்தானே தெரியணும்" என்று மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

புதன்கிழமை, அந்த வருஷம் வீடு வீடாகப் போன பெண்களின் பழைய போன் எண்களைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஐந்தாவது பெண் எடுத்தார். இப்போது வீட்டிலேயே தையல் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் படிவமா? மிச்சம் இருந்ததை அலமாரித் தட்டுல விரிச்சிருக்கேன். இருங்க அக்கா" என்றார். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் போட்டோ வந்தது. பக்கத்தின் நடுவே எண்ணெய் டப்பா வைத்த வட்டக் கறை. அதன் விளிம்பில் எழுபத்தெட்டு. ஒன்று: இல்லை. இரண்டு: ஆம்.

"ஆமான்னு சொல்லத்தான் எல்லாருக்கும் சட்டுனு வாய் வருமாம். அதனால இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லையை மேல போட்டிருக்குன்னு டிரெயினிங்ல சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

தலைவர் போட்டோவைப் பெரிதாக்கி இரண்டு தரம் பார்த்தார். அறிக்கை ஒரு வாரம் தள்ளிப் போனது. மையம் அந்தப் பகுதியிலேயே திறக்க வேண்டும் என்று அத்தியாயத்தை மாற்றி எழுதச் சொன்னார். நல்ல வேளை, நீங்கள் விடவில்லை என்று அக்காவிடம் வந்து சொல்லிவிட்டும் போனார். அக்கா தலையாட்டினாரே தவிர, கேட்ட மாதிரித் தெரியவில்லை. விடுபட்ட இடத்தில் இரண்டு வார்த்தைகளையும் தட்டி, அட்டவணையை அனுப்பிவிட்டு, நான்காவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. அப்படியானால் அந்த வருஷம் ஆள் இருந்திருக்கிறார்.

கைப்பையிலிருந்து போனை எடுத்து, அதிலிருந்த பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளினார். ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் நின்றார். கடைசிப் பெயர்வரை போய்விட்டு, மறுபடி மேலே வந்து ஆரம்பித்தார்.