வராத தேர்தலுக்குக் காத்திருந்தவள்

எனக்கு அரசியல் பைத்தியம் பிடித்ததற்கு அப்பாதான் காரணம். தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்குப் போய்விட்டு, சிட்லபாக்கத்து வீட்டுக்குக் களைத்துப்போய் வருவார். சாப்பிட்டுக்கொண்டே, யார் வந்தார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று சொல்வார். அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, டெல்லி, கோட்டை விவகாரமெல்லாம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அனகாபுத்தூர் நெசவாளர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், அடுத்த தேர்தலில் ஏன் ஆளை மாற்றுகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. ஒரு தேர்தலைப் பார்த்தாயிற்று. இன்னொன்று வந்தால் ஆய்வு முடிந்துவிடும். அதுவரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த இன்னொன்று வரவேயில்லை. தள்ளிவைத்தார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் பஞ்சாயத்துக்குப் பதிலாக ஒரு தனி அதிகாரியை உட்காரவைத்தார்கள். நாசமாய்ப் போக! என் வழிகாட்டியான பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நடக்காத எலெக்ஷனை எப்படிம்மா ஆராய்ச்சி பண்ணுவே? வேற டாபிக் பாரு" என்றார். ஏன் நடக்கவில்லை என்பதே ஆராய்ச்சிதானே என்று எகிறினேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு, இந்த எமர்ஜென்சி நேரத்தில் அதையெல்லாம் எழுதக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் விடவில்லை. அந்த வருடப் பெருமழை ஓய்ந்ததும் அனகாபுத்தூருக்குப் போனேன். எப்போதும் என்னிடம் மனம்விட்டுப் பேசும் நெசவுக்கார அக்காவின் வீட்டில் ஆற்றுத் தண்ணீர் புகுந்திருந்தது. காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழி நிறையச் சேறு. கால்வாய் வெட்டித் தருகிறேன் என்றவருக்குத்தான் அக்கா ஓட்டுப் போட்டிருந்தார். அவருக்கே இப்போது பதவி இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

அக்கா குண்டானில் சேற்றுத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, அடுத்த தேர்தல் வந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாங்களே அத்த மறந்துட்டோம். நீ ஒருத்திதான் இன்னும் கேட்டுகினு கீற. வூட்டுக்குப் போம்மா."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அன்று வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி அப்பாவிடம் நானே சொன்னேன்.