வெண்டை வரிசை

ஜொகூர் பாருவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே இன்று காலை யாரோ புல்லுக்கு மருந்து அடித்தார்கள். மாடியேறி வந்த அந்த நாற்றம் தொண்டையைப் பிடித்ததும், பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறம் கண்முன் வந்து நின்றது.

அம்மாவுக்கு எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து பகலெல்லாம் புல்லைக் கொன்றுவிட்டு வருகிறவள், தலைக்குக் குளித்து, நகக்கண்ணெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கையை மோந்து பார்த்த பிறகுதான் தன் செடிகளைத் தொடுவாள். துருப்பிடித்த தகர டின்னில் கறிவேப்பிலை, வேலியெங்கும் பாகற்கொடி, ஓரமெல்லாம் கனகாம்பரம், நடுவே சுணை சுணையாய் வெண்டை. தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து சூடு எழும். அந்த வெண்டையை வாராவாரம் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பறித்துப் போவான், அம்மாவை வேலை வாங்கும் மண்டோர்.

லயத்தை இடித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போவதாக முடிவானபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்த செடிகளை மருந்தடித்து அழிக்க அம்மாவைத்தான் அனுப்பினான் மண்டோர். வேலியோரம் வந்து நின்றான்.

"எல்லாத்தையும் அடிச்சிடு. அந்த வெண்டிக்கா வரிசைய மட்டும் விட்டுடு லா, எங்க வீட்டுக்கு ஆகும்."

கூச்சமே இல்லாத அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சரிங்க மண்டோரே," என்றாள் அம்மா.

டாங்கியை முதுகில் ஏற்றிக்கொண்டு நேரே போனவள், அவன் பார்க்கப் பார்க்க, முதலில் அந்த வரிசைக்குத்தான் அடித்தாள். காய் காயாக, நிதானமாக.