தாண்டிப் போன ஆறு பக்கங்கள்

ஒரு நாவலில் கதாநாயகியின் கூந்தல் பத்துத் தடவைக்கு மேல் காற்றில் பறந்தால், எழுதியவருக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். இதை நான் அடித்துச் சொல்வேன். இந்தச் சங்கதி நடந்தபோது, நாலு ஆண்டுகளில் நூற்று நாற்பத்து மூன்று காதல் நாவல்களுக்கு மதிப்புரை எழுதியிருந்தேன். அறுபத்தொன்று சரித்திரக் காதல். ஐம்பத்து நான்கு பேய், ஆவி, மறுபிறவிக் காதல். மீதி இருபத்தெட்டும் இரண்டும் கலந்தவை. பழைய காலத்தில் செத்துப்போனவன் இந்தக் காலத்துப் பெண்ணைத் தேடி வருவான். இந்த மூன்றாவது வகைதான் சிரமம். இரண்டு காலத்துக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும்.

கோவையில் ஒரு பஞ்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் துணி சோதிக்கும் வேலை பார்த்தேன். விளக்கு எரியும் மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, விழுந்த முடிச்சு, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் எண்ணிக் குறிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்தபோது அவளுக்காகக் காந்திபுரத்து வாடகை நூலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டதெல்லாம் இந்த வகை நாவல்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் புரட்டிப் பார்ப்பேன். ஒரு நாவலில் சோழநாட்டு இளவரசி மிளகாய் அரைத்தாள். அந்தக் காலத்தில் ஏது மிளகாய்? ஒரு துண்டுத்தாளில் தவறுகளை வரிசையாக எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நூலகக்காரர் அதை அப்படியே தன் நாலு பக்க மாத இதழில் அச்சடித்துவிட்டார். அன்றிலிருந்து அதில் கடைசிப் பக்கம் எனக்கு. இப்போது அது கைப்பேசியிலும் போகிறது. வாசகர்கள் மட்டுமல்ல, பதிப்பாளர்களும் பார்க்கிறார்கள்.

விசுவாவசு ஆண்டு பிறந்த சமயத்தில் ஒரு நாவல் வந்தது. எழுதியவருக்கு அதுதான் முதல் புத்தகம். மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு மூட்டை ஏற்றிவரும் குதிரைவண்டிக்காரன் ஒருவன், விசுவாவசு ஆண்டு ஆடி மாதத்தில் பவானி ஆற்று வெள்ளத்தில் போய்விடுகிறான். அடுத்து அதே பெயருள்ள ஆண்டு வரும்போது ஆவியாகத் திரும்பி, கோவையில் கணினி வேலை பார்க்கும் பெண்ணைக் காதலிக்கிறான். நடை நன்றாகவே இருந்தது. கூந்தல் மூன்றே தடவைதான் பறந்தது. ஆனால் வண்டிக்காரன் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் வருகிறார். விசுவாவசு அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். அறுபதைக் கழித்தால் சுதந்திரம் வந்து வெகுகாலம் ஆகிவிடுகிறது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறேன். எந்தத் துரையையும் பார்க்கவில்லை. ‘கழித்தல் தெரியாதவர் சரித்திரம் எழுத வேண்டாம்’ என்று மதிப்புரையை முடித்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போனபோது, மேசை அருகே முப்பது வயதுப் பெண் ஒருத்தி அந்த நாவலோடு நின்றிருந்தாள்.

“அம்மணி, நீ கேட்ட ஆளு இவருதான்” என்றார் நூலகக்காரர்.

“வணக்கமுங்க ஐயா. நான் சூலூருங்க. இந்தக் கதை நான் எழுதினதுங்க.” விசைத்தறிக் கூடம் ஒன்றில் மேற்பார்வை வேலை என்றாள். “ரெண்டாவது கதை எழுதிக் குடுத்திருந்தனுங்க. உங்க மதிப்புரையப் படிச்சுப்போட்டு, வேண்டாம்னு திருப்பி அனுப்பறேன்கறாருங்க பதிப்பாளரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு கேட்டிருக்கறனுங்க.”

“கணக்குத் தப்புன்னா தப்புத்தானே அம்மணி. அதுக்கு நானென்ன பண்றது?”

“தப்பு இல்லீங்களே ஐயா.”

“இப்ப நடக்கறது விசுவாவசு. அறுபதக் கழி. அப்ப எந்த ஊர்ல தொரை இருந்தான்?”

“இவரு ஊட்டுக் கொல்லையிலயே தொரை இருந்திருப்பானுங்க, இவரு எண்ணாம உட்டுருப்பாரு” என்று நூலகக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கத்துக்கு நேராகப் போய் விரலை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், என் நரைத்த தலையைப் பார்த்தாள், புத்தகத்தை மூடிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

“நீங்களே இன்னொருக்கா முழுசாப் படிச்சுப் பாருங்க ஐயா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. வாரேனுங்க.”

காட்ட ஒன்றும் இல்லாததால்தான் போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். இருந்தாலும் வீடு வரும் வரை மனசு அடங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

வீட்டில் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஏனுங்க, அது நூத்திப் பதினேழாம் பக்கத்துல வருதுங்களே” என்றாள்.

“எது வருது?”

“அவன் ரெண்டு சுத்துக் காத்திருந்தேன்னு அவகிட்டச் சொல்றானுங்களே. முந்தின விசுவாவசு வெள்ளத்துல போகலைங்க, அதுக்கும் முந்தின விசுவாவசுல. அதான் தொரை வாராரு.” கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஓ! அந்த எடத்தையெல்லாம் நீங்க படிக்கறதே இல்லைங்களா?”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். விளக்கு அணைந்து, பொழுது விடிந்து, யாராவது காப்பி கொண்டுவந்த பிறகுதான் மறுபடி படிக்க ஆரம்பிப்பேன். வயதானவனுக்கு அதெல்லாம் எதற்கு என்ற கூச்சம். கதை அங்கே நகராது என்ற நம்பிக்கை வேறு.

“நூத்தி நாப்பத்து மூணு புஸ்தகத்துலயும் இப்படித்தானுங்களா?” மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மில்லுல இப்படித் துணியத் தாண்டி உட்டிருந்தீங்கன்னா மொத மாசமே ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

புத்தகத்தை என் மடியில் வைத்தாள். “நான் அடுப்படிக்குப் போறனுங்க. கூச்சப்படாமப் படிச்சுப்போட்டுக் கூப்புடுங்க.”

நூற்றுப் பதினைந்திலிருந்து நூற்று இருபது வரை, ஆறு பக்கம். அவள் அவன் மார்பில் கை வைக்கிறாள். கை சில்லிடுகிறது. அங்கே துடிப்பு இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்கிறாள். இந்த ஆண்டின் பெயர் ஒருமுறை வந்தபோது நீ பிறக்கவே இல்லை, அதனால் இன்னொரு சுற்று இருந்தேன் என்கிறான். அப்புறம் இரண்டு பக்கத்துக்கு இருவரும் பேசவே இல்லை. அதையும் படித்தேன். அசிங்கமாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு தாளில் நூற்று இருபது ஆண்டைக் கழித்துப் போட்டுப் பார்த்தேன். துரை சரி. குதிரைவண்டி சரி. அவள் வீட்டுப் பழைய பெட்டியில் கிடைக்கும், வெள்ளைக்கார ராஜா தலை போட்ட நாணயமும் சரி. தாளைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்த்தேன். எல்லாம் ஒத்து வந்தது.

அன்று பிற்பகலே உட்கார்ந்து திருத்தம் எழுதினேன். கணக்குத் தப்பு நாவலாசிரியருடையது அல்ல, என்னுடையது. நூற்றுப் பதினைந்து முதல் நூற்று இருபது வரை ஆறு பக்கங்களைப் படிக்காமலே மதிப்புரை எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை இந்த நாவலில் சரித்திரப் பிழை ஒன்றும் இல்லை. இவ்வளவுதான்.

மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகக்காரர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “படிக்காத பக்கம்னு எதுக்குங்க போடறீங்க? அச்சுப்பிழைன்னு சொல்லிப்போடலாமுங்க. உங்க பேரு என்னாகறது?”

“அந்தப் புள்ளைக்குக் கணக்குத் தெரியாதுன்னு எழுதினப்ப அவ பேரு என்னாச்சு? அப்படியே போடுங்க. மாசக் கடைசி வரைக்கும் வெக்க வேண்டாமுங்க. இன்னைக்கே கைப்பேசியில அனுப்புங்க. பதிப்பாளருக்குத் தனியா ஒண்ணு.”

அனுப்பினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று ராத்திரியும் தூக்கம் வராமல், எரிவாயு அடுப்பை மூடினேனா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். வியாழன் காலை பத்து மணிக்கு நூலகக்காரர் கூப்பிட்டார். கதையை வைத்துக்கொள்வதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டாராம்.

மூன்று மாதத்தில் அந்த இரண்டாவது நாவல் வந்தது. சென்னிமலைப் பக்கம் ஒரு சத்திரத்தில் குடியிருக்கும் ஆவியின் கதை. முதலில் மனைவி படித்தாள், பிறகு நான். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். கூச்சப்பட வேண்டிய பக்கங்கள் பதினொன்று. அவற்றையும் விடாமல் படித்தேன். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பௌர்ணமி. ஒன்பது நாள் கழித்து, அந்தப் பதினொன்றில் ஒன்றான தொண்ணூற்றாறாம் பக்கத்தில் மறுபடி முழு நிலா. இந்த முறை மனைவியையும் எண்ணச் சொன்னேன். அவளுக்கும் ஒன்பதுதான் வந்தது.

மதிப்புரையில் அதை எழுதினேன். நாவல் நல்ல நாவல் என்றும் எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தறிச் சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து பேசினாள்.

“அது தப்புத்தானுங்க ஐயா” என்றாள். “தொண்ணூத்தாறாம் பக்கத்தப் படிச்சீங்களாங்க?”

“படிச்சேன் அம்மணி” என்றேன்.