அந்த ஊசி அப்புறம்

வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி வந்த இரண்டு முறையும் என் கணவர் வாய்வு என்று சோடா வாங்கித் தந்தார். அதற்கும் அடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒரு ஊசி போட்டு வலி குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் முறை வலி தோள்பட்டை வரை இழுத்தது, காய்ச்சலும் சேர்ந்தது. மானகிரியிலிருந்து காரைக்குடிக்குப் போனோம். நர்ஸ் ஊசியோடு வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

“வலி இருக்கையிலேயே டாக்டரை அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க. ஊசி அப்புறம்.”

டாக்டர் விலாவுக்கடியில் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். வலியில் மூச்சு பாதியிலேயே பிடித்துக்கொண்டது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். பித்தப்பையின் வாயைக் கல் அடைத்து, பையே வீங்கித் தடித்திருந்தது.

வெளியே கணவர் சோடாவோடு நின்றார்.

“இன்னும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீகளா? எனக்கு ஆபரேஷன். இனி உங்க சமையலை நீங்கதான் சாப்பிடணும். சோடாவை வச்சுக்கங்க, உங்களுக்குத் தேவைப்படும்.”