இருபத்துநாலு காம்பரா வாசகர்கள்

ஜூன் 14, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. பதுளையில் மழை இல்லை. மலை தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்று மட்டும்.

பக்கத்து வீட்டுத் தர்ஷினி கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். அவளுடைய அப்பாவும் நானும் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. வேலி விஷயம். அந்தத் தடை பிள்ளைக்குப் பொருந்தாது என்று இரண்டு வீட்டிலும் யாரும் சொல்லாமலே முடிவாகியிருக்கிறது.

தரம் பத்தில் படிக்கிறாள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள்.

“தாத்தா, எங்களுக்கு ஒரு செயற்றிட்டம். ஒரு தோட்டத்து லயத்துக்குப் போய், யார் யார் என்ன பேப்பர் வாசிக்கிறாங்கன்னு கேக்கணும். நாளைக்கு, ஞாயிறு பின்னேரம், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் போறோம்.”

“நல்லது.”

“கடைசிக் கேள்வி ஞாயிறு பேப்பர்ல வர்ற உங்க பத்தியப் பத்தி. பக்கத்து வீட்டுத் தாத்தா எழுதுறார்னு சொன்னேன். மிஸ் அதையும் சேர்த்துக்கச் சொன்னாங்க.”

எத்தனை வீடு என்று கேட்டேன். ஒரே லயம், இருபத்துநாலு காம்பரா என்றாள். காம்பரா என்பது தேயிலைத் தோட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கும் ஒற்றை அறை.

நான் முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, மின்வெட்டு எத்தனை நிமிடம், எல்லாம் எண்ணுவேன். இந்தப் பத்தியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. ஏன்? பயம்தான். இருபத்துநாலில் பூச்சியம் என்று அந்தப் பிள்ளை அழகான கையெழுத்தில் எழுதி, அதை வகுப்புச் சுவரில் ஒட்டினால்...?

ஆகவே மறுநாள் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பேப்பர் கடையில் நின்றேன்.

“இருபத்துநாலா?” என்றார் கடைக்கார நானா. “சேருட போட்டோ ஏதும் வந்திருக்கா?”

இல்லை என்றேன். ஏமாற்றத்தோடு எண்ணிக் கொடுத்தார். நான் மறுபடி எண்ணினேன்.

ஓட்டோக்காரச் செல்வம் அந்தத் தோட்டத்துப் பையன். ஒரு காம்பராவுக்கு ஒன்று என்று சொல்லி, பேப்பர்க் கட்டை அவனிடம் கொடுத்தேன்.

“எலெக்சனா ஐயா?”

“இல்லை.”

“அப்புறம்?”

“சும்மா.”

“சும்மாவா!” என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். எழுபத்திரண்டு வயதில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வாரப் பத்தி என் வேலிச் சண்டையைப் பற்றியது. ஏழு பேர்ச் காணி வைத்திருப்பவனுக்கு அரையடியும் பெரிது என்று தொடங்கியிருந்தேன். பேர்ச் ஒன்று இருநூற்று எழுபத்திரண்டு சதுர அடி.

மாலை ஆறு மணிக்குத் தர்ஷினி வந்தாள்.

“தாத்தா, இருபத்துநாலு வீட்டுலயும் உங்க பத்திய வாசிச்சிருக்காங்க. சில வீட்டுல மூணு தடவை.”

சந்தோஷமாக இருந்தது. அரை நிமிடம் இருக்கும்.

“ஆனா நான் கேள்வி கேக்க முந்தி அவங்க என்கிட்ட கேட்டாங்க. காணி எப்ப குடுக்கிறாங்கன்னு.”

யோசித்துப் பாருங்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பொருள் சும்மா வருகிறது என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று வோட்டு. மற்றது காணி, வீடு பற்றிய அறிவித்தல். இப்போது வோட்டு இல்லை. அப்படியானால்? முதல் பக்கத்திலிருந்து தேடியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கோயிலடியில் ஒருவர் உரத்து வாசித்திருக்கிறார். என் பக்கத்தில் அகப்பட்டுவிட்டது: ஏழு பேர்ச். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று எத்தனையோ தேர்தல் மேடைகளில் வாக்குறுதியாக அவர்கள் கேட்ட அதே சொல்.

“அனுப்புற செய்தி போய்ச் சேராட்டி, தொடர்பாடல் தடைன்னு மிஸ் சொன்னாங்க. அனுப்பாத செய்தி போய்ச் சேர்ந்தா என்னன்னு புத்தகத்துல இல்ல தாத்தா” என்றாள். பிறகு, “யாரோ சும்மா குடுத்திருக்காங்க” என்று என்னைப் பார்த்தாள்.

நான் காற்றைப் பற்றிப் பேசினேன்.

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு ஓர் அம்மா கேற்றடியில் நின்றார். மாரியாயி என்று பெயர் சொன்னார். ஐம்பது வயது மதிக்கலாம், கொழுந்து எடுப்பவர். செல்வத்திடம் வழி கேட்டு, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அவருடையது கடைசிக் காம்பரா. பின்னால் மண்மேடு, சுவரில் வெடிப்பு. பெருமழை பெய்தால் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையிலிருந்து பேப்பரை எடுத்தார். என் பக்கம் மேலே தெரிய மடித்திருந்தது.

“ஐயா, இதுல எங்க லயத்துப் பேரு வந்திருக்குங்களா?”

“இல்லம்மா. அது என் வேலியைப் பத்தி எழுதினது.”

“ஏழு பேர்ச்சுன்னு போட்டிருக்கே.”

“அது என்னோட காணி. இதுதான்.”

பேப்பரை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“அப்ப எங்களுக்கு எதுக்குங்க குடுத்து விட்டீங்க?”

வாசிப்பதற்கு என்றேன்.

“வாசிச்சோமே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு முற்றத்தைப் பார்த்தார். “ஏழு பேர்ச்சுன்னா இவ்வளவுங்களா? நாங்க பேச்சுலதான் கேட்டிருக்கோம். சுத்திப் பாக்கலாங்களா?”

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் பின்னால் போனேன்.

“இந்தப் பக்கம் அடுப்படி வைக்கலாம். அங்கிட்டு ரெண்டு வாழை. மாட்டுக்கு எடம் பத்தாது...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வேலியடியில் நின்றார். “இதுல எவ்வளவுக்குங்க சண்டை?”

“அரையடி.”

“அரையடிக்கா ஐயா பேப்பர்ல போட்டீங்க?”

வேலிக்கு அந்தப் பக்கம் தர்ஷினியின் அப்பா இருமினார். எனக்கும் இரும வேண்டும் போலிருந்தது. மூன்று மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அந்த இருமலாக இருக்கலாம்.

தேநீர் கொடுத்தேன். பஸ் காசும், அன்றைய ‘பேரும்’ தருகிறேன் என்றேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்பார்கள். மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. அவர் வாங்கவில்லை.

“இருக்கட்டுங்க. இல்லைன்னு போய்ச் சொல்லணும். எவ்வளவு பெருசுன்னு கேப்பாங்க, அதையாவது சொல்லலாம்.”

பேப்பரை மறுபடி பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆகவே, லயத்தில் யாராவது இந்த வாரமும் வாசித்தால், தெளிவாக எழுதிவிடுகிறேன்: இந்தப் பக்கத்தில் காணி பற்றிய அறிவித்தல் எதுவும் இல்லை. போன வாரமும் இருக்கவில்லை.

செலவுக் கணக்கு: பத்திரிகை இருபத்துநாலு, இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. ஓட்டோ, ஆயிரத்து இருநூறு. அந்த அம்மா இழந்த ஒரு பேரைச் சேர்க்காமல் மொத்தம் நாலாயிரத்து எண்பது ரூபாய்.